திங்கட்கிழமை எண்ணெய் நேரம்

அன்று முதலாளி அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. ஞாயிறு மட்டும் குடிப்பார். அதுவும் கிளப்பில். கிளப்பில் குடித்தால் அதற்குக் குடி என்று பெயர் இல்லை.

முதலாளியின் மருமகன். மேல்படிப்பு படித்தவர். ஆட்கள் சம்பந்தப்பட்ட எல்லாம் அவர் பொறுப்பு. பீர் மட்டும். பீர் சாராயத்தில் சேராது என்று ஆயுத பூஜை அன்று எங்களுக்கே விளக்கியிருக்கிறார்.

சூப்பர்வைசர். தினமும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். ஒழுக்கமானவர்.

டைம் ஆபீஸ்காரர். யாராவது வாங்கிக் கொடுத்தால்.

என் மனைவி. துணைக்கு வந்தவளை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே ஸ்டூலில் இருந்தாள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. ஆகவே அவளும் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான். பதினோரு மாதமாகத் தொடவில்லை.

இத்தனை பேரில் குடிகாரன் யார் என்று முடிவு செய்யத்தான் கூட்டம். முடிவு முன்பே ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டது கையெழுத்துக்கு.

எங்கள் கம்பெனி திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் இருக்கிறது. பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை அச்சில் வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து அறுபத்து மூன்று டன் இறங்கும். தகடு கார் கதவின் பாகமாக வெளியே வரும். கையை எடுத்துவிட்டு மிதிக்க வேண்டும். தொழில் அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். மறக்க அரை நொடி போதும். எஸ்டேட் டீக்கடையில் கிளாஸ் பிடிக்கும் கைகளைப் பார்த்தால் யார் பிரஸ்காரர் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பத்தொன்பது வருஷம் சர்வீஸ். பத்து விரலும் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. குடித்த காலத்திலும் பத்துதான். அதற்குக் காரணம் எண்ணெய் நேரம்.

திங்கட்கிழமை காலை பத்து மணி டீ வரை எங்கள் ஷாப்பில் ஒரு பிரஸ்ஸும் ஓடாது. மிஷினைத் துடைப்போம். எண்ணெய் விடுவோம். அச்சைப் பளபளப்பாக்குவோம். ஏற்கெனவே விட்ட எண்ணெயின் மேல் மறுபடியும் விடுவோம். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில் ஒரு திங்கட்கிழமை ஒருவருக்கு மூன்று விரல் போனது. அதன் பிறகு வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தலையை விட்டு இறங்கப் பத்து மணி ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்வதில்லை. வெளியாள் கேட்டால், "எண்ணெய் போட்டுகினு இருக்கோம் சார்."

சாமான் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் ஒருமுறை இதைப் பார்த்தார்கள். வாரா வாரம் இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கும் கம்பெனியைப் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். மருமகன் அந்தப் பாராட்டைக் கண்ணாடி போட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவர் நம்புகிறார். திங்கட்கிழமை அவர் பதினோரு மணிக்குத்தான் வருவார். பார்த்ததே இல்லை.

நான் குடியை விட்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புதன்கிழமை கையை எடுக்கும் முன் கால் மிதித்துவிட்டது. கிளவுஸின் நுனி மட்டும் போனது. புதன்கிழமைக்கு எண்ணெய் நேரம் கிடையாது. அந்தக் கிளவுஸை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி அதைக் கையில் போட்டுப் பார்த்தாள். மறுநாள் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மூன்று வாரம் வார்டு. பிறகு மாத்திரை. மாதம் ஒரு புதன்கிழமை அரை நாள் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பும் நான் விட்டிருக்கிறேன். வருஷா வருஷம். கார்த்திகையில் மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் சொட்டு இறங்காது. அப்போது எல்லாரும் என்னைச் சாமி என்பார்கள். சூப்பர்வைசர் எனக்குத் தனி டம்ளர் வைப்பார். கிட்ட வந்து கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். மலைக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலம் அவர்களே கூட்டிப் போய் வாங்கிக் கொடுப்பார்கள். நாற்பத்தெட்டு நாள் விட்டவன் சாமி. பதினோரு மாதம் விட்டவனை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமலே இருந்திருக்கலாம். ஒரு படிவம் வந்தது.

அதே வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. நோய், ஊனம், சிகிச்சை எது இருந்தாலும் எழுதுங்கள், அதற்காக யாரும் பாகுபாடு காட்டமாட்டார்கள் என்று தமிழில் போட்டிருந்தது. கூடவே சுவரில் ஒட்ட ஒரு படம். சக்கர நாற்காலியில் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு பெண், தொப்பி போட்ட ஒருவர். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் எங்கள் கம்பெனியில் வேலை கிடையாது.

படிவம் கொடுத்த அன்று டைம் ஆபீஸ்காரர் எல்லாரையும் நிற்க வைத்து, எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று போடச் சொல்லியிருக்கிறார். போட்டுவிட்டார்கள். அன்று புதன்கிழமை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே டாக்டர் என்னிடம், எதையும் மறைக்காதீர்கள், மறைப்பதில்தான் இந்த நோய் வளரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் படிவத்தை நான் தனியாக உட்கார்ந்து நிரப்பினேன். குடி நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பதினோரு மாதமாகக் குடிக்கவில்லை. மாதம் ஒரு புதன் அரை நாள் வேண்டும். எழுத்துப் பிழை இருக்கக்கூடாது என்று மனைவியிடம் காட்டி வாங்கினேன்.

ஒரு வாரத்தில் கூட்டம்.

"உட்காருங்க," என்றார் மருமகன். நாற்காலி நான்கு. ஆட்களும் நான்கு. நான் நின்றேன்.

"நீங்க நேர்மையா எழுதினதை நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

"சரி சார்."

"அதனாலதான் உங்களைப் பிரஸ்ல இருந்து எடுத்து ஸ்கிராப் யார்டுல போடறோம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"நான் இப்ப குடிக்கிறது இல்ல சார்."

"அதாம்பா பிரச்சனை," என்றார் முதலாளி. "குடிக்கிறவன்னா எப்ப குடிப்பான்னு தெரியும். உனக்கு எப்பன்னு தெரியலையே."

சூப்பர்வைசர் எனக்காகப் பேசினார். "அண்ணன் நல்ல ஆளு சார். மாத்திரை சாப்பிடறாரு, அதான். மாத்திரைன்னா தூக்கம் வரும்ல."

"நீ கூடத்தான் சுகருக்கு மாத்திரை போட்டுகினு கீறே," என்றேன்.

"சுகர் வேறண்ணா. அது கௌரவமான நோவு."

டைம் ஆபீஸ்காரர் காகிதத்தை நீட்டினார். என் சொந்த விருப்பத்தின் பேரில் இடம் மாற்றிக்கொள்வதாக இருந்தது. என் விருப்பம் அழகாக டைப் ஆகியிருந்தது. பேனாவும் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுடாதய்யா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அறையில் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். அது சாத்தாது என்பதை அன்றுதான் கவனித்தார்கள் போலிருக்கிறது. நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஸ்கிராப் யார்டுக்குப் போனேன். காகிதம் இல்லாமலும் மனிதனை அனுப்பலாம்.

யார்டில் வெட்டுத் தகடுகளைப் பொறுக்கி வண்டியில் போட வேண்டும். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் என் பிரஸ் தெரியும். அதில் என் சேக்காளி ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். சனிக்கிழமை ஆரம்பித்தால் திங்கட்கிழமைதான் நிறுத்துவான். அவன் படிவத்தில் எல்லாம் "இல்லை".

டீ நேரத்தில் வந்தான். "மச்சான், உன் மிஷின் என்னாண்ட முறுக்கிகினு கீது."

"கிளட்ச் இழுக்கும். பாத்து மிதி."

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஒரு குவார்ட்டர் அடிச்சிட்டு வந்து முதலாளி கால்ல உழு. மன்னிச்சிருவாரு. குடிக்கிறவன மன்னிக்கலாம். உன்ன இன்னான்னு மன்னிக்கிறது?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னான்.

மனைவியும் ஒரு வழி சொன்னாள். "பேசாம மாலை போட்டுக்கயேன். கார்த்திகைக்கு எத்தினி மாசம் கீது?"

"ஏழு."

"இப்பவே போட்டா இன்னா?"

"வருஷம் பூரா மாலை போட்டா சாமியே சந்தேகப்படும்."

அவள் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். ஏரியைப் பார்த்த வீடு. ரிடையர்டு ஆபீசர், அவர் மனைவி, இரண்டே பேர். ஆபீசர் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தபடி இரண்டு பெக் சாப்பிடுவார். இதயத்துக்கு நல்லது என்று படித்தாராம். அவர்தான் தாம்பரம் கோர்ட்டில் இலவச சட்ட உதவி இருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது கையில் கிளாஸ் இருந்ததாம். இருந்தாலும் சொன்னது நல்ல விஷயம்.

சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா. பொறுமையானவர். முழுதும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அரசு வேலையா?"

"பிரைவேட் மேடம்."

தாளில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார்.

"ரெண்டு சட்டம் இருக்கு. மனநலச் சட்டம், குடியால வர்ற பாதிப்பை மனநோய்ல சேர்த்திருக்கு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருபத்தோரு வகை இருக்கு. அதுல மனநோய் உண்டு. ஆனா குடின்னு ஒரு பேரு கிடையாது."

"அப்ப நான் யார் மேடம்?"

"முதல் சட்டப்படி நீங்க நோயாளி. ரெண்டாவது சட்டப்படி வாதாடித்தான் பாக்கணும். சலுகை எல்லாம் வேணும்னா நாற்பது சதவீதம் பாதிப்புன்னு சர்டிபிகேட் வேணும். டாக்டர் உங்களைப் பத்தி என்ன சொல்றார்?"

"நல்லா இருக்கேன்னு சொல்றாரு."

"அதான் சிக்கல்," என்றார்.

"குடிச்சிட்டு வந்தா?"

"அது ஒழுங்கீனம். வேலையை விட்டே எடுக்கலாம். நோய்னு சொன்னா எடுபடறது கஷ்டம். சில வெளிநாட்டுல, விட்டவங்களுக்குச் சட்டம் துணைக்கு வரும், இப்பவும் போதையில இருக்கிறவங்களுக்கு வராது. அங்க அப்படி ஒரு கோடாவது போட்டு வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அவ்வளவு தெளிவா எழுதல."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடித்தால் குற்றவாளி. விட்டால் நல்ல சுகம். குடித்ததற்கும் விட்டதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்க வேண்டும். சட்டத்துக்கு அந்த ஒரு நாள்தான் நான் நோயாளி. அந்த நாளில் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மனு எழுத முடிந்திருக்காது.

வக்கீலம்மா விடவில்லை. "ஒரு கம்பெனின்னா மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செஞ்சு கொடுக்கணும்னு ஒண்ணு இருக்கு. அவங்க வேலை செய்யறதுக்குத் தோதா நேரத்தையோ வேலையையோ கொஞ்சம் மாத்திக் கொடுக்கிறது. உங்க கம்பெனியில யாருக்காவது அப்படிச் செஞ்சிருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு மாதத்தில் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். எண்ணெய் நேரத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் மேடம்."

"எத்தனை வருஷமா?"

"அப்பா முதலாளி காலத்துல இருந்து."

"அப்ப குடிக்கிறவங்களுக்கு வாரா வாரம் வசதி செஞ்சு கொடுத்திருக்காங்க. விட்டவர் மாசம் ஒரு அரை நாள் கேட்டதுக்குப் பாதுகாப்பு இல்லைன்னுட்டாங்க." பேனாவை எடுத்தார். "எழுதறேன்."

எண்ணெய் நேரத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதனால் எத்தனையோ விரல் பிழைத்திருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதவில்லை. மற்றதை எழுதினார். பிரஸ்ஸைத் திருப்பித் தர வேண்டும். மாதம் அரை நாள் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம். சோதித்தால் எல்லாரையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். கடைசி வரியில், இதன் நகல் சாமான் வாங்கும் கம்பெனிக்கும் அனுப்பப்படலாம் என்று போட்டார். சட்டம் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

மருமகன் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி இருந்தது.

"பிரஸ் தரோம். புதன்கிழமையும் எடுத்துக்குங்க. ஆனா தினமும் காலைல இதுல ஊதணும்."

போலீஸ்காரர்கள் ரோட்டில் வைத்திருக்கும் மிஷின். புதிதாக வாங்கியிருந்தார்கள். ஊதினால் பச்சை விளக்கு, அல்லது சிவப்பு விளக்கும் ஒரு கத்தலும். பச்சை என்றால் மட்டும்தான் பிரஸ். ஒரு நாள் சிவப்பு வந்தால் வேலையே கிடையாது என்று எழுதி வாங்கினார்கள். அதில் கையெழுத்துப் போட்டேன். மனைவியைக் கேட்டுத்தான்.

ஆனி மாதம் முழுக்க நான் கேட்டில் ஊதினேன். நான் ஒருவன் மட்டும். மற்றவர்கள் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாண்ணா, பச்சையா? ச்சோ," என்பார்கள். டைம் ஆபீஸ்காரர் நோட்டில் சைபர் போடுவார். போடும்போது அவரிடமிருந்து வந்த வாடையில் மிஷின் தானாகவே கத்திவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். மிஷினைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊதுவேன்.

வக்கீலம்மா போனில் கேட்டார். "எல்லாரும் ஊதறாங்களா?"

"நான் மட்டும்தான் மேடம்."

இரண்டாவது கடிதம் போனது. ஆய்வுக்காரர்கள் வரும் மாதம் அது. மருமகன் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். இந்தக் கம்பெனியில் எல்லாரும் சமம், வரும் திங்கட்கிழமை எட்டு மணிக்கு எல்லாரும் ஊதுவோம், நானே நேரில் வருகிறேன் என்றார்.

"திங்கட்கிழமையா சார்?" என்றார் டைம் ஆபீஸ்காரர்.

"ஏன், திங்கட்கிழமைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

ஆடி மாதம். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு, எங்கள் எஸ்டேட் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கூழ் காலையில். மற்றது மத்தியானத்திலிருந்து. முதலாளியே பந்தலுக்கு வந்து எல்லாருக்கும் ஏற்பாடு செய்தார். மருமகனும் இருந்தார், பீரோடு. நான் கூழ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கேட்டில் வரிசை. முன்மாதிரியாக மருமகன்தான் முதலில் ஊதினார். சிவப்பு. கத்தியது. பீர் சாராயத்தில் சேராது என்று மிஷினுக்கு யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது.

"மிஷின் ரிப்பேர்," என்றார்.

என்னை ஊதச் சொன்னார். பச்சை.

மறுபடியும் அவர் ஊதினார். கத்தியது. மிஷினை அடுத்த ஆளிடம் நீட்டினார். வரிசை நகர்ந்தது. சூப்பர்வைசர், சிவப்பு. என் சேக்காளி ஊதியபோது கத்தல் நிற்கச் சற்று நேரம் ஆனது. டைம் ஆபீஸ்காரர் தன் பெயரை நோட்டில் தானே எழுதினார். ஒழுங்கான ஆள். முதலாளி காரிலிருந்து இறங்கவில்லை. தான் பிரஸ் ஓட்டுவதில்லை என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். ஊதியவர்கள் முப்பத்திரண்டு பேர். பச்சை வந்தவர்கள் நான்கு. பேக்கிங்கில் இருக்கும் இரண்டு அக்காக்கள், எந்நாளும் தொடாத கிறிஸ்தவ வாட்ச்மேன், நான்.

வெளியே லாரி காத்துக்கொண்டிருந்தது. சரக்கு அன்றே போக வேண்டும்.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் மருமகன்.

"எப்பவும் போல எண்ணெய் நேரம்தான் சார்," என்றார் சூப்பர்வைசர்.

"எதுக்கு எண்ணெய் நேரம்?"

அந்தக் கம்பெனியில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மருமகன் வரிசையைப் பார்த்தார். கண்ணாடி போட்டு மாட்டிய பாராட்டைப் பார்த்தார். கையில் இருந்த மிஷினைப் பார்த்தார். படித்தவர், புரிந்துகொண்டார். மிஷினை டைம் ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னார். அது இன்றுவரை வெளியே வரவில்லை.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். பிரஸ் சாவியைக் கையில் வைத்தார். "போண்ணா. லாரி நிக்குது, நீயாவது ஓட்டு."

"புதன்கிழமை அரை நாள்?"

"அதான் எழுதிக் குடுத்தாச்சே. போ."

எல்லாரும் எண்ணெய் விட உட்கார்ந்தார்கள். எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள், மாலை போட்டவனுக்கு விடுவது போல. நான் தகட்டை வைத்தேன். கையை எடுத்தேன். மிதித்தேன். பத்து மணி டீ வரை அந்த ஷாப்பில் ஒரு பிரஸ் மட்டும் ஓடியது. பீஸ் எத்தனை என்று டைம் ஆபீஸ்காரர் வந்து எண்ணினார். எண்ணிக்கை தப்பி, மறுபடியும் எண்ணினார்.

நானூற்றுப் பதினாறு.